கல்லாவில் இருப்பவர் நலமா?

நெல் வியாபாரம் செய்யும் நம் அன்பர்களுக்குத் தெரியும். மூட்டை வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும். குத்தூசியைச் செருகி எடுத்தால்தான் உள்ளே நெல் சூடு கண்டிருப்பது தெரியவரும். நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிற திருப்பாலைத்துறையைப் பக்கத்தில் வைத்திருக்கும் பாபநாசத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் மனத்தில் உள்ள புழுக்கத்தை நாம் பார்ப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நம் கடைத்தெருவில் மொத்த வியாபாரம் செய்துவந்த நண்பர் ஒருவர் மாலை நேரத் தேநீருக்கு வருவதை நிறுத்தினார். "பெரிய மனிதர் ஆகிவிட்டார்" என்று கேலி பேசினோம். இரவு கணக்கு முடிக்காமலே கடையைப் பூட்டினார். தபாலில் வந்த நோட்டீசுகள் உறை பிரிக்காமல் கிடந்தன. பதினைந்து வருடமாக உடன் இருந்த கடைப்பையனை அற்பக் காரணத்துக்கு விரட்டினார். மார்பு கனக்கிறது என்று இரண்டு முறை ஈ.சி.ஜி. எடுத்தார், கோளாறு ஏதுமில்லை. "நான் இல்லாவிட்டாலும் கடை நடக்கும்" என்று ஒரு நாள் சொன்னதையும் நாம் சாதாரணமாகவே எடுத்துக்கொண்டோம். அவருடைய மனைவி சங்கத்துக்கு வந்து, "அவர் ஒரு மாதமாகத் தூங்கவில்லை அண்ணே" என்று அழுத பிறகுதான் நமக்கு உறைத்தது. தஞ்சாவூரில் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இன்று அவர் நலமாகக் கடை நடத்துகிறார். ஆனாலும் அவர் மனைவி வந்திருக்காவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் பயமாகவே இருக்கிறது.

இது ஒருவர் கதையன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் இறந்த வணிகத் துறையினர் 11,716 பேர். 2019இல் இது 9,052 ஆக இருந்தது. அதே 2020இல் விவசாயத் துறையில் இறந்தவர்கள் 10,677 பேர். விவசாயியின் துயரம் பேசப்படுகிறது, பேசத்தான் வேண்டும். நம்முடைய துயரம் வெளியே வருவதில்லை.

காரணம் நமக்கே தெரியும். வியாபாரிக்கு மூலதனமே நாணயம். "ஆள் சரியில்லை" என்ற பேச்சு கிளம்பினால் மண்டிக்காரர் சரக்கு அனுப்பத் தயங்குவார். கடன் கொடுத்தவர் மறுநாளே வந்து நிற்பார். ஆகவே சிரித்த முகத்தோடு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். 2016இல் பணமதிப்பு நீக்கம், 2017இல் ஜி.எஸ்.டி., 2020இல் ஊரடங்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்கினோம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்காத ஆண்டுகளில் குறுவை குறைந்து, விவசாயியின் பற்று நம் பேரேட்டில் நின்றுபோகிறது. 2024இல் ஜூலை இறுதியில்தான் அணை திறந்தது.

கவலை எல்லாருக்கும் உண்டு. எப்போது மருத்துவரை நாட வேண்டும்? விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமற்ற சிடுசிடுப்பு, தன்னையே குறை சொல்லிக்கொள்வது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் போக வேண்டும். குடி கூடுவதும், மருத்துவர் சீட்டின்றித் தூக்க மாத்திரை தேடுவதும் அறிகுறிகளே. சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே போக வேண்டும். அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது. "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறார் என்ற ஆறுதலே வரும்.

மருத்துவர் என்ன செய்வார்? தேவைப்பட்டால் மாத்திரை தருவார். மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். நாமாக நடுவில் நிறுத்தக்கூடாது. உளவியல் நிபுணரிடம் பேச்சு வழியாகவும் சிகிச்சை உண்டு. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, முக்கால் மணி நேரம், சில மாதங்கள். அதில் ஒரு முறை நம் தொழிலுக்குப் பழக்கமானதே. "நான் தொலைந்தேன்" என்ற எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று பற்று வரவுபோலப் பிரித்துப் பார்க்கச் சொல்வார்கள். கடன் அதனால் தீராது. கடனைத் தீர்க்க வழி யோசிக்கும் தெளிவு திரும்பும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டறியலாம். 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. போலீஸ் வழக்கு வருமோ என்ற பயமும் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்காமல் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகவே கருத வேண்டும் என்கிறது. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தரவேண்டும் என்றும் கூறுகிறது.

சங்க அன்பர்களிடம் நம் வேண்டுகோள் இதுதான். தேநீருக்கு வராதவரைக் கேலி செய்யாமல் அவர் கடைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொல்வதை வேறொருவரிடம் சொல்லாதீர்கள்; அவருடைய நாணயம் உங்கள் வாயில் இருக்கிறது. பொருட்கடனுக்குத் தவணை கேட்க வேண்டுமானால் மண்டிக்காரரிடம் சங்கத்தின் சார்பில் பேச நாம் தயார். மருத்துவரிடம் துணைக்கு வரவும் தயார். அடுத்த வியாழன் ஆகட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.