செவிக்கு ஏற்ற ஒலி அட்டை

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை அறியாதார் நம் மாவட்டத்தில் இரார். கல்லிலே ஒலி கண்ட மனிதன் இன்று கணிப்பொறியையும் பாட வைத்துவிட்டான். அதற்குத் துணை நிற்பது ஒலி அட்டை எனப்படும் சவுண்ட் கார்டு. இசை கேட்க, படம் பார்க்க, விளையாட எத்தகைய அட்டை வாங்கலாம் என்று நண்பர்கள் பலர் என்னைக் கேட்பதுண்டு. இயற்பியல் மாணவன் என்ற முறையில் நான் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

ஒலி அட்டை என்பது யாது?

கணிப்பொறிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. அந்த எண்களை மின் அலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புவதும், மைக் வழி வரும் மின் அலையை எண்களாக மாற்றி உள்ளே தருவதும் ஒலி அட்டையின் வேலைகள். நம் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கேட்கும். ஓர் அலையைச் சரிவரப் பதிய வேண்டுமாயின், அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் அதனை அளந்தாக வேண்டும். ஆதலால்தான் இசைத்தட்டான சி.டி.யில் நொடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றில் குறிக்கிறார்கள். திரைப்படத்திற்கு நொடிக்கு 48,000 முறை. இவ்விரண்டும் இன்றைய சாதாரணக் கணிப்பொறிக்கே எளிது. எனவே, அட்டைப்பெட்டியில் 1,92,000 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மட்டும் மயங்க வேண்டா.

முன்பு நிலைமை வேறு. 1981-இல் வந்த ஐ.பி.எம். கணிப்பொறி 'பீப்' என்று கூவுவதற்கு மேல் அதிகம் அறியாது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' அட்டையை வெளியிட்டது. அது உலகெங்கும் பரவியது. பின்னர், 1997-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த முறையைத் தொடர்ந்து, ஒலிச் சில்லு மதர்போர்டிலேயே இடம்பெறலாயிற்று. ஆகவே இன்று நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எந்த அட்டை?' என்பதன்று, 'அட்டை தேவைதானா?' என்பதே.

காசில்லாச் சோதனை

இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஹெட்போனைச் செருகி, எந்தப் பாட்டும் ஓடாத நிலையில் ஒலியளவை உயர்த்துங்கள். மவுஸை அசைக்கும்போது 'கிர்' என்ற இரைச்சல் கேட்கிறதா? கேட்டால், கணிப்பொறியின் உள்ளிருக்கும் மின் குறுக்கீடு ஒலியில் கலக்கிறது எனலாம். அப்போது யு.எஸ்.பி.யில் செருகும் வெளி அட்டையே ஏற்றது. அமைதியாக இருந்தால், கையிலுள்ள பணத்தை நல்ல ஹெட்போனுக்குச் செலவிடுங்கள். செவிக்குப் புலப்படும் வேறுபாடு அதில்தான் மிகுதி.

மூன்று பயன்கள்

இசைக்கு வேண்டியவை இரைச்சலின்மையும் ஹெட்போனை இயக்கும் ஆற்றலும். 32 ஓம் தடையுள்ள ஹெட்போனைப் பெரும்பாலான கணிப்பொறிகளே நன்கு இயக்கும். 250, 300 ஓம் உள்ளவற்றுக்கு நல்ல பெருக்கி கொண்ட அட்டை வேண்டும்.

படத்திற்கு ஆறு வழி ஒலி அமைப்பு வைத்திருப்போர், அதற்குரிய வாய்கள் அட்டையில் உண்டா என்று பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாகத் தொலைக்காட்சிக்கோ ஒலிப்பெருக்கிக்கோ அனுப்புவோருக்கு ஒலி அட்டையே வேண்டா. எண்களை ஒலியாக்கும் வேலையை அக்கருவிகளே செய்துவிடும்.

விளையாட்டில் எதிரி எப்பக்கம் வருகிறான் என்பதைச் செவியால் அறிய வேண்டும். ஓர் ஒலி நம் இரு செவிகளையும் அடையும் கால வேறுபாடு, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. அதைக் கொண்டே மூளை திசையை உணர்கிறது. இந்த வித்தையை இன்று விளையாட்டின் மென்பொருளே சாதாரண ஹெட்போனில் செய்து காட்டுகிறது. ஆனால் புளூடூத் வழியே ஒலி சற்றுப் பிந்தி வரும்; கம்பியுள்ளதே நன்று.

நான்காவது பயன்

இம்மூன்றையும்விட மேலான பயன் ஒன்றுண்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் பதிவு செய்த வில்லுப்பாட்டு ஒலிநாடாக்கள் பல வீடுகளில் பெட்டிக்குள் கிடக்கின்றன. என் தாத்தா பதிந்து வைத்தவை எங்கள் வீட்டிலும் உண்டு. பாடிய புலவர்கள் சிலர் இன்று இல்லை. நாடாவோ ஆண்டுதோறும் பூஞ்சை பிடித்து நலிகிறது. அந்தக் குரலையும், குடத்தின் ஆழ்ந்த முழக்கத்தையும், வில்மணிகளின் கிலுகிலுப்பையும் காக்க எண்ணுவோர், 'லைன்-இன்' என்னும் இருவழி உள்வாயுள்ள அட்டையையே தேட வேண்டும். மடிக்கணினிகள் பலவற்றில் மைக் வாய் மட்டுமே உண்டு. அது மெல்லிய குரலுக்கென அமைந்தது. டேப்பின் வலிய ஒலியைச் செலுத்தினால் கரகரத்துச் சிதையும். 24 பிட் அளவில், ஒலிமானி உச்சத்தைத் தொடாதபடி பதிய வேண்டும். எம்.பி.3 செவிக்குப் புலப்படாதது என்று கருதும் பகுதியை நீக்கிவிடும். ஆதலால் மூலப்படியை 'வேவ்' கோப்பாகவே வைத்தல் நலம்.

நண்பர்களே! பாட்டும் படமும் விளையாட்டும் நாளையும் கிடைக்கும். பழுதான நாடாவிலுள்ள குரல் மீண்டும் கிடைக்காது. அட்டை வாங்கக் கடைக்குச் செல்லுமுன் வீட்டுப் பரணை ஒரு முறை பாருங்கள். அங்கே நாடாக்கள் இருப்பின், உள்வாய் நன்றாயுள்ள அட்டையை வாங்குங்கள். இல்லையெனில், மேற்சொன்ன சோதனையைச் செய்து பார்த்துப் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.