சாயாத நெல்லும் ஒரு பாட்டில் மருந்தும்

கல்லணைக் கால்வாயின் கடைமடையில், அறந்தாங்கிப் பக்கம் எங்கள் வயல். பொன்னி முற்றி, அறுப்புக்கு வண்டி சொல்லியிருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு மழை, கூடவே காற்று. விடிந்து பார்த்தால் பாய் விரித்த மாதிரி பயிர் படுத்துக் கிடக்கும். சாய்ந்த கதிர் ஈரத்தில் முளைவிடும். எந்திரம் மெதுவாகத்தான் அறுக்கும், மணிக்கணக்கு வாடகை ஏறும்.

இதற்கு மருந்து உண்டா என்று ஊரில் கேட்கிறார்கள். உண்டு. குளோர்மெக்வாட் குளோரைடு, கடையில் லிஹோசின் என்றால் தெரியும். ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாகக் கோதுமைக்குத் தெளிக்கிறார்கள். உரம் தாராளமாகப் போட்டு முன்கூட்டியே விதைக்கும் கோதுமைக்கு, முதல் கணு தெரியும்போதும் கண்ணாடி இலை வரும்போதும் டெபுகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியோடு சேர்த்துத் தெளிக்கும்படி கர்னால் கோதுமை ஆராய்ச்சி நிறுவனமும் சொல்கிறது.

குளோர்மெக்வாட் செய்யும் வேலை இதுதான். தண்டை நீள வைப்பது ஜிப்ரலின் என்ற ஹார்மோன். அது தெரியவந்ததே நெல்லால்தான். பூஞ்சை பிடித்த நாற்று ஏன் வெளிறி, ஒல்லியாக உயர்ந்துபோகிறது என்று தைவானில் ஆராய்ந்த குரோசாவா, பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே காரணம் என்று 1926-இல் காட்டினார். பயிருக்குள் அந்த ஜிப்ரலின் உருவாவதைக் குளோர்மெக்வாட் தடுக்கிறது. கணுவிடை குறுகி, பயிர் குட்டையாக நிற்கிறது.

ஆனால் நம் குட்டை நெல்லுக்கு இந்த வேலை விதையிலேயே முடிந்துவிட்டது. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 ஏன் குட்டை என்பது 2002-இல்தான் விளங்கியது: ஜிப்ரலினை உண்டாக்கும் ஒரு மரபணு அதில் பழுது. கோ 51 போன்ற குட்டை ரகம் போட்டவர் பாட்டிலுக்குக் காசு கொடுப்பது எனக்கு வயிறெரிகிறது. பொன்னிதான் வேண்டும் என்பவர்கள் முதலில் யூரியாவைக் குறைக்க வேண்டும். இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து, பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். பொட்டாஷை விடக் கூடாது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை வடித்துவிட வேண்டும். சாய்வதில் பாதி யூரியாவின் வேலை என்பது என் அனுபவம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே அலமாரியில் ஜிப்ரலிக் அமிலமும் இருக்கும். வீரிய ஒட்டு நெல் விதை எடுப்பவர்கள், கண்ணாடி இலை உறைக்குள் சிக்கும் கதிரை வெளியே இழுக்க அதைத் தெளிப்பார்கள். இரண்டையும் 'வளர்ச்சி மருந்து' என்றே விற்கிறார்கள். மாற்றி வாங்கிப் பொன்னிக்கு அடித்தால் தண்டு இன்னும் நீளும். வாங்குமுன் பாட்டிலில் உள்ள ரசாயனப் பெயரைப் படியுங்கள். புரியாவிட்டால் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.