மலை வழியும் மக்கள் உரிமையும்

மண்ணூர்பேட்டையில் நின்று மேற்கு நோக்குவோர்க்குத் தொழிற்சாலைக் கூரைகளும், வரிசையாய்ச் செல்லும் லாரிகளும், திருவள்ளூர் நோக்கி நீளும் நெடுஞ்சாலையுமே தோன்றும். இச்சாலையில் நாள்தோறும் வேலைக்குப் போய்வரும் பல்லாயிரம் ஜனங்களில், இதே சாலை தம்மைக் காட்டுக்கும் குன்றுக்கும் குகைக்கும் கொண்டு சேர்க்கும் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? குற்றாலத்தையும் கொடைக்கானலையும் பற்றி ஓயாது பேசும் நாம், நம் வீட்டு வாயிலிலிருந்து ஒரு பகற் பொழுதிற் போய்த் திரும்பக்கூடிய மலை வழியை அறியாதிருப்பது நமக்குப் பெருமை தருவதன்று.

அவ்வழி எது என்று முதலிற் சொல்வோம். நெடுஞ்சாலையிற் சென்று திருவள்ளூரைக் கடந்தால் பூண்டி வரும். அங்கே கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நிற்கும் அணை 1944-ல் திறக்கப்பட்டது. சென்னை நகரத்தின் தாகம் தீர்க்க வேண்டுமென்று மேயர் பதவியிலிருந்தபோது பாடுபட்ட தேசபக்தர் சத்தியமூர்த்தி, தம் உழைப்பின் பயனைக் கண்ணாற் காணாமலே 1943-ல் மறைந்தார். நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நீரைப் பருகி வளரும் நம்மவரில் பலர் அந்நீர்ப்பரப்பின் கரையில் ஒருமுறையேனும் நின்றதில்லை.

பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உளது. 1863-ல் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் புவியியலார் இங்கே ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகளைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் சாந்தி பப்பு முதலிய ஆராய்ச்சியாளர் இவ்விடத்தை அகழ்ந்து, அக்கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லக்ஷம் வருஷங்களுக்கு முற்பட்டவை என்று 2011-ல் வெளியிட்டனர். உலகத்தார் வியந்து நோக்கும் இப்பழமை நம் ஜில்லாவின் செம்மண்ணிற் கிடந்தது. ஆயினும் திருவள்ளூரில் ரயிலிறங்கும் பிரயாணியிடம் அத்திரம்பாக்கம் எங்கே என்று கேட்டால், அவர் விழிக்கவே செய்வார்.

இப்பகுதியிலேயே, சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகைகள் இருக்கின்றன. குடியம் கிராமத்திலிருந்து காட்டுக்குள் நடந்தே குகையை அடைய வேண்டும். வழியெல்லாம் முட்புதரும் குறுமரங்களும். காலடியில் உருண்டை உருண்டையாய்க் கூழாங்கற்கள். மலையே இத்தகைய கூழாங்கற்கள் பண்டைக்காலத்தில் இறுகிச் சேர்ந்து ஆனதுதான். ஆதிமனிதர்க்கு ஆயுதச்சாலையாய் உதவியவை இக்கற்களே. ஏறி இறங்கிச் சென்று திரும்பினால், பாறை ஒரு பெருங் கூரைபோல் முன்னே கவிந்து நிற்பதைக் காணலாம். அந்நிழலில் நிற்பவனுக்குத் தன் காலமும் தன் கவலையும் சிறுத்துப் போவதில் வியப்பில்லை. ஊரார் அங்கே அம்மனை வழிபடுகின்றனர். பாறைக் கூரையில் தேனீக்கள் பெருங்கூடு கட்டித் தொங்குவதும் உண்டு.

"வயிற்றுப்பாட்டுக்கே அலையும் தொழிலாளிக்கு மலையும் அருவியும் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. 1964-ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்த காலந்தொட்டு, இச்சுற்றுவட்டாரத்து ஆண்களும் பெண்களும் வாரத்தில் ஆறு நாள் இயந்திரத்தின் முன் நின்று உழைத்து வருகின்றனர். எஞ்சும் ஞாயிற்றுக்கிழமையை ஒருவன் எங்கே கழிப்பது? நல்ல காற்றும் நிழலும் நடையும் செல்வர்க்கே உரியவை என்று விட்டுவிட்டால், ஏழைக்கு எஞ்சுவது மதுக்கடையும் கைப்பேசியுமே. நாட்டின் மீது அன்பு வேண்டுமென்று மேடையிற் பேசுகிறோம். காலால் நடந்து காணாத நாட்டின் மீது அன்பு எவ்வாறு வேரூன்றும்?

இவ்விஷயத்தில் சர்க்கார் செய்திருக்கும் நற்காரியத்தை மறைக்க வேண்டியதில்லை. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், வன இலாகாவைச் சார்ந்த தமிழ்நாடு வன அனுபவக் கழகத்தின் வாயிலாக, 14 ஜில்லாக்களில் 40 மலையேற்ற வழிகள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஏலகிரியிலிருந்து ஜலகம்பாறை அருவிக்குச் செல்லும் வழியும், கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் வழியும், நமது குடியம் குகை வழியும் அவற்றுட் சேர்ந்தவை. பழங்குடியினரும் காட்டோரத்து ஊர்களின் இளைஞர்களும் வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டிருக்கின்றனர். காட்டைப் பிறவி முதல் அறிந்தவனுக்கு அந்த அறிவாலேயே பிழைப்பு உண்டாவது நியாயமான ஏற்பாடு.

ஆனால் கட்டணம் என்னும் வாயிற்கதவு ஒன்று நிற்கிறது. தொடக்கத்திலேயே கட்டணம் மிகுதி என்ற குறை எழுந்தது. பிறகு அது குறைக்கப்பட்டது. குறைத்த பின்னும், தந்தை, தாய், இரண்டு குழந்தைகள் என நால்வர் செல்வதானால், தினக்கூலி பெறுவோர்க்கு அது எளிய செலவன்று. முன்பதிவோ இணையத்தின் வழியே நடைபெறுகிறது. படித்த உத்தியோகஸ்தருக்கு அது விரல் நுனி வேலை. அதற்குப் பழகாதவருக்கு அதுவே பூட்டிய கதவு.

கட்டுப்பாடுகளையே நீக்கிவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. கூறினால், குரங்கணியில் மாண்டவர்களுக்கு நாம் துரோகம் செய்தவராவோம். 2018-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் சரிவில், காய்ந்த புல்லிற் பற்றிய காட்டுத் தீ மலையேறச் சென்ற கூட்டத்தாரைச் சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்றவர்கள் அவர்கள், பெரும்பாலோர் இளைஞர், பெண்கள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவ்வழிக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று சர்க்கார் தரப்பிற் கூறப்பட்டது. அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் பிறந்தன. தீக்காலத்தில் வழிகளை மூடுவதும், வழிகாட்டி இன்றி எவரும் செல்லலாகாது என்பதும் அத்துயரத்தின் சாம்பலிலிருந்து கற்ற பாடங்கள்.

நீரும் நெருப்பைப்போலவே இரக்கமற்றது. 2024-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அருவியின் அடியில் நிற்பவன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்க்கிறான். மழையோ மலையுச்சியில், அவன் கண்ணுக்கு எட்டாத இடத்திற் பெய்கிறது. நீர் கலங்கி நிறம் மாறினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், இரைச்சல் மிகுந்தாலும், அக்கணமே கரையேறிவிட வேண்டும். இதனைப் பள்ளிக்கூடத்திலேயே கற்பித்தல் அவசியம்.

ஆகவே, பாதுகாப்பும் வேண்டும், உரிமையும் வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குப் பிற தேசங்களின் சரித்திரம் சான்று பகர்கிறது. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தை அடுத்த கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம், பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று அடைக்கப்பட்டிருந்தது. 1932-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று, ஆலைத் தொழிலாளரான இளைஞர் நூற்றுக்கணக்கில் திரண்டு, தடையை மீறி அம்மேட்டின்மேல் நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். நடந்ததற்காகச் சிறையா என்று தேசம் வெட்கியது. மக்கள் கிளர்ச்சி வளர்ந்து, 1949-ல் தேசியப் பூங்காக்களையும் நாட்டுப்புற நடைவழிகளையும் குறித்த சட்டம் நிறைவேறியது. நம்மவர் உப்புக்காகச் சிறை சென்ற அக்காலத்திலேயே, நம்மை ஆண்டவர்களின் நாட்டுத் தொழிலாளர் நடைபாதைக்காகச் சிறை சென்றனர் என்பது நமது தொண்டர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

உரிமை பெற்றவர் செய்யவேண்டிய கடமைக்கு ஆஸ்திரேலியா உதாரணம். சிட்னி நகரத்தை அடுத்த நீலமலையில், குரோஸ் என்னும் ஆற்றின் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் நீலக் கோந்து மரங்கள் அடர்ந்த காடு ஒன்று உண்டு. 1931-ல் நடைப்பயணம் சென்ற இளைஞர்கள், குத்தகைதாரர் அம்மரங்களை வெட்டத் தொடங்கவிருப்பதை அறிந்தனர். அவர்கள் புலம்பிக்கொண்டு வீடு திரும்பவில்லை. தம்முள் பணம் திரட்டி, 130 பவுன் கொடுத்துக் குத்தகையை விட்டுக்கொடுக்கச் செய்தனர். காடு பிழைத்தது. அதன் நிழலில் நடந்தவரே அதற்குக் காவலராயினர்.

நிற்க. நம் பக்கத்திற் செய்யவேண்டியவை யாவை என்று கூறி முடிப்போம்.

சர்க்காருக்கு நமது வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொழிலாளர்க்கும் மாணவர்க்கும் உரியதாக ஒதுக்கி, ஒரு நாட்கூலியில் சிறு பங்கே ஆகும் கட்டணத்தில் குடியம் வழியைத் திறந்துவைக்க வேண்டும். தொழிற்சங்கமோ பள்ளிக்கூடமோ ஊர்ச் சங்கமோ எழுதிக் கேட்டால், அக்கடிதத்தையே முன்பதிவாக ஏற்க வேண்டும். வழிகாட்டியின் ஊதியத்தில் மட்டும் ஒரு காசும் குறைக்கலாகாது. அன்றைய நஷ்டத்தைப் பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்வதே முறை. நூலகத்துக்கும் பொருட்காட்சிச்சாலைக்கும் செலவிடும் சர்க்கார், லக்ஷக்கணக்கான வருஷங்களின் நூலகமாகிய இக்குன்றுக்குச் செலவிடத் தயங்குவது தகாது.

தொண்டர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மண்ணூர்பேட்டை, பாடி, கொரட்டூர், அம்பத்தூர் முதலிய இடங்களில் பத்துப் பேர் கூடினாலும் ஒரு நடைச் சங்கம் தொடங்கலாம். மழைக்காலம் ஓய்ந்த மார்கழி, தை மாதங்களே இக்காட்டுக்கு ஏற்ற பருவம். குடிநீரும் கட்டுச்சோறும் கையிலிருக்கட்டும். போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் வழிகாட்டியின் சொல்லே கட்டளை. தேனடை தொங்கும் இடத்தில் கூச்சலும் புகையும் ஆகா. வாசனைத் தைலம் பூசிச் செல்வதும் ஆகா. மதுப்புட்டியும் பிளாஸ்டிக் பையும் காட்டுக்குள் நுழையலாகாது. செதுக்கிய கல் ஒன்று கண்ணிற் பட்டால், பார்த்து மகிழ்ந்து கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். ஆளுக்கொரு கல்லை எடுத்துச் சென்றால், நம் பேரர்க்கு வெறும் மண்ணே எஞ்சும்.

சுதந்தரம் பெற்ற தேசத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் சொந்தக்காரர் மக்களே. சொந்தக்காரன் தன் நிலத்தை ஒருமுறையேனும் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தபின் அதைக் காக்க வேண்டும். மண்ணூர்பேட்டையிலிருந்து மேற்கே செல்லும் சாலை திறந்தே கிடக்கிறது. வரும் தை மாதத்து ஞாயிறு ஒன்றில், நம் சுற்றுவட்டாரத்து உழைப்பாளிகளின் முதற் கூட்டம் அச்சாலையிற் புறப்படும் என்று எதிர்பார்க்கிறோம்.