கடுகளவு உயிர் கட்டிய கரை

மேகமலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, வைகையில் சேர்ந்து, மதுரை, இராமநாதபுரம் வழியாகப் பாக் விரிகுடாவை நோக்கிப் போகிறது. அந்த விரிகுடாவில்தான் கச்சத்தீவு. மொத்தம் 285 ஏக்கர்; மலைமேல் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் அடங்கிவிடும். 1974 உடன்பாடு வரை இந்தியாவும் இலங்கையும் அதற்கு உரிமை கோரின.

தென்சீனக் கடலின் ஸ்கார்பரோ திட்டு அதைவிட வியப்பு. அது ஒரு பவளப்பாறை வளையம். ஓதம் ஏறினால் சில கற்கள் மட்டுமே தலைகாட்டும். ஆனாலும் சீனா, தைவான், பிலிப்பைன்ஸ் மூன்றும் அதைத் தமது என்கின்றன. ஓதத்திலும் மூழ்காத பாறைக்குச் சுற்றிலும் 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர், கடல் உரிமை உண்டு என்கிறது சர்வதேசச் சட்டம். மனிதர் வாழத்தக்க தீவென்றால் 200 கடல் மைல் வரை மீன்வளமும் எண்ணெய் வளமும் அந்த நாட்டுக்கே. ஸ்கார்பரோ வெறும் பாறைதான் என்று 2016இல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது.

அந்தப் பாறையைக் கட்டியது யார்? இராமேசுவரம் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளக்கல்லைக் குனிந்து பாருங்கள், எடுக்க வேண்டாம். மேலெல்லாம் நட்சத்திரம் போன்ற சிறு குழிகள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிரின் வீடு. அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கிறது. அந்த வலுவில் பவள உயிர் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டுகிறது. ஆனால் நீருக்கு மேலே அதனால் வளர முடியாது. இறந்த பவளத்தை அலை உடைத்துக் குவிக்கும்போது திட்டு எழும்.

மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் இந்தப் பவளத்திட்டுகளே மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு அரண். அங்கே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாய்க்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையின் வேகம் தணியவில்லை; மண் அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. எந்த நாடும் அவற்றைப் பறிக்கவில்லை, நாமே இழந்தோம்.

பவளத்துக்கு வெயில் புகும் தெளிந்த நீர் வேண்டும். சேறு படிந்தால் அது மூச்சடைத்துப் போகும். மலைக்காட்டின் வேர்கள் மண்ணைப் பிடித்துவைத்தால் ஆறு தெளிந்து ஓடும். மேகமலையில் நிற்கும் ஒரு மரம் கடலுக்கும் காவல் நிற்கிறது.