சலூனில் ஓர் ஆசிரியபீடம்: டொமினிக் ஜீவாவின் இதழியற்பணி

ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் அரங்குகளிற் செய்தியாளருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிக்குள் கறுப்பின எழுத்தாளர் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. விளையாட்டுத்துறை எழுத்தாளர் சாம் லேசி, பேஸ்போல் எழுத்தாளர் சங்கத்தின் முதற் கறுப்பின உறுப்பினரானது 1948 இலேயே. அதுவரை அவருக்குக் களமளித்தவை கறுப்பின மக்கள் தாமே நடத்திய பத்திரிகைகள். யாழ்ப்பாணத்தில் இத்தகைய விலக்கு எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எனினும் வகுப்பறையிலும் கிணற்றடியிலும் தேநீர்க்கடையிலும் கோயில் வாயிலிலும் அது சட்டத்தினும் இறுக்கமாகச் செயற்பட்டது. அந்நிலையில் தமக்கென ஓர் ஏட்டை நிறுவியவர் டொமினிக் ஜீவா (1927–2021).

சவரத்தொழிலாளர் குடும்பத்திற் பிறந்த ஜீவா, ஆசிரியரொருவரின் சாதிவசையாற் பள்ளியை இளமையிலேயே நீங்கி, குடும்பத் தொழிலை ஏற்றார். தமிழகப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் தொடர்பு அவரை இடதுசாரி இயக்கத்திற்கு இட்டுச்சென்றது. பெயரிலுள்ள 'ஜீவா' அதன் சுவடேயாம். 'தண்ணீரும் கண்ணீரும்' (1960) என்னும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. இழிசனர் வழக்கென மரபுவாதிகள் பழித்த பேச்சுமொழியே அக்கதைகளின் உயிர். ஆயினும், அவரது சிறுகதைகளினும் இதழே பெருஞ்சாதனை என்பது எமது கருத்து.

1966 ஓகஸ்டில் 'மல்லிகை' தோன்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் சுன்னாகத்திலிருந்து புறப்பட்டது. அதனை முன்னெடுத்தோர் பீக்கிங் சார்பினர். ஜீவாவோ மொஸ்கோ சார்பினர். இப்பிளவை மறைத்து எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது வரலாற்றிற்கு உதவாது.

கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனே மல்லிகையின் முதற் காரியாலயம். சிகை திருத்த வந்தோரும் எழுத்துப்பிரதியுடன் வந்தோரும் ஒரே வாயிலால் நுழைந்தனர். சாதியுயர்வு பாராட்டிய சமூகத்திற் கற்றோர் தம் கட்டுரையை ஏற்குமாறு அவ்விடம் நாடிச்சென்றமை சிறிய மாற்றமன்று. லேசிக்குச் சம்பளமளிக்கும் நிறுவனமிருந்தது, ஜீவாவுக்கு அதுவுமில்லை. இதழ்களைக் கையிற் சுமந்து வீதிகளில் அவரே விற்றார். அட்டையில் ஈழத்து எழுத்தாளரதும் கலைஞரதும் உருவப்படங்கள் வெளிவந்தன. உள்ளே சிங்களச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புக்களும் இடம்பெற்றன.

யுத்தகாலத்திற் காகிதம் அரிதாயிருந்தபோதும் இதழ் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அது கொழும்புக்கு இடம்பெயர்ந்து, ஏறத்தாழ 400 இதழ்களைக் கண்டபின் 2012 அளவில் நின்றது.