பாதி பாக்கெட் எங்கே பாஸ்?

ரெண்டு அர்டுயினோ, ரெண்டு என்.ஆர்.எஃப்.24 ரேடியோ மாட்யூல். ஹாஸ்டல் ரூம்ல பக்காவா பேசிக்கும். ரிவியூ அன்னிக்கு எக்ஸ்டர்னல் முன்னாடி பாதி பாக்கெட் மாயம்! உடனே புரோகிராமைக் குடையாதீங்க. முதல் சந்தேகம் சப்ளை மேலதான் வரணும்.

மாட்யூல் 3.3 வோல்ட் பார்ட்டி. ஆன்டெனா நீட்டிக்கிட்டிருக்கிற பவர் மாடல், அனுப்பும்போது 100 மில்லி ஆம்பியருக்கு மேல உறிஞ்சும். ஊனோவோட 3.3 வோல்ட் பின் தர்றதோ 50தான். வோல்டேஜ் சட்டுனு தொய்யும், பாக்கெட் அம்போ! தனி ரெகுலேட்டர் வைங்க. சாதா மாடலா? அதோட சப்ளை, கிரவுண்ட் கால்கள்லயே ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை சால்டர் பண்ணுங்க (பிளஸ், மைனஸ் பார்த்து). டீயைவிட மலிவான வைத்தியம்.

அப்பவும் தொலையுதா? வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்லதான் குடியிருக்கு. ரெண்டு பக்கமும் சேனல் 80-க்கு, அதாவது 2480 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவுங்க. இன்னும் மேலே போகாதீங்க. லைசென்ஸ் இல்லாத ஏரியா 2483.5-ல முடிஞ்சிடும். பிளஸ் மாடல்னா வேகத்தை 250 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்குங்க, இன்னும் தூரம் போகும்.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போட்டு, ஆயிரத்துல எத்தனை வந்துச்சுன்னு எண்ணுங்க. எக்ஸ்டர்னல் கேக்கப்போறதும் அந்த நம்பரைத்தான்.