எங்க வீட்டு ஃப்ரிட்ஜோட கார்பன் யார் கணக்குல?

2018 நவம்பர் 16. நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ, கோடியக்கரையில எங்க வீட்டு ஓட்டோட சேர்ந்து ஃப்ரிட்ஜும் போச்சு. கரண்ட் திரும்ப வரவே பல வாரம். அப்புறம் அப்பா வேதாரண்யத்துல ஒரு கடையில தவணைக்குப் புதுசு எடுத்தார். குட்டியானையில வந்து இறங்குச்சு.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் "நெட் ஜீரோ ஆகப்போறோம்" என்று அறிவிப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஃப்ரிட்ஜ்தான் ஞாபகம் வரும். அது வெளியிட வைக்கிற கார்பன் கடையோட கணக்கா, தயாரித்த கம்பெனியோடதா, எங்களோடதா?

2001-ல் வெளியான கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் இதை மூணாகப் பிரிக்கிறது. கடையோட சொந்த வண்டியும் ஜெனரேட்டரும் எரிக்கிற டீசல் ஸ்கோப் 1. கடை வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. பொருளைத் தயாரிப்பது, வாங்கினவர் வீட்டில் அது ஓடுவது, கடைசியில் குப்பையாவது எல்லாம் ஸ்கோப் 3.

சரி, கணக்குப் போடுவோம். வேதாரண்யத்திலிருந்து எங்க ஊருக்கு சுமார் 11 கிலோமீட்டர். போய்வர ஒன்றரை லிட்டர் டீசல் என்று வைத்தால், லிட்டருக்கு 2.68 கிலோ வீதம் 4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஃப்ரிட்ஜ் வருஷத்துக்கு 200 யூனிட் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. நம்ம நாட்டு கிரிட்டில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ. அப்போ வருஷத்துக்கு 140 கிலோ, பத்து வருஷத்துக்கு 1,400 கிலோ. டெலிவரியைப்போல 350 மடங்கு! எலெக்ட்ரிக் வண்டியில டெலிவரி பண்றது நல்ல விஷயம்தான், ஆனா அது அந்த 4 கிலோவைத்தான் தொடும்.

அமெரிக்காவின் பெஸ்ட் பை இதை ஓரளவு ஒப்புக்கொண்ட கடை. 2009-ஐ ஒப்பிட்டு 2030-க்குள் தன் சொந்த உமிழ்வை 75 சதவீதம் குறைப்பது ஒரு இலக்கு. விற்ற பொருட்கள் வாடிக்கையாளர் வீட்டில் உண்டாக்கும் உமிழ்வை 20 சதவீதம் குறைப்பது இன்னொன்று. 2020-ல் கிளைமேட் பிளெட்ஜில் சேர்ந்து 2040-க்குள் நெட் ஜீரோ என்றும் கையெழுத்துப் போட்டது. இதில் ஒரு நெளிவு இருக்கு. ஊர் மின்சாரம் சுத்தமானாலே, கடை எதுவும் செய்யாமல் அந்த 20 சதவீதத்தில் ஒரு பங்கு தானாகக் குறைந்துவிடும்.

நம்ம பக்கம் குரோமா டாடா குழுமத்தோடது. குழுமத்தின் இலக்கு 2045. செபி 2022-23 முதல் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்களுக்கு பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையைக் கட்டாயமாக்கியது. ஆனால் அந்தப் படிவத்தில் ஸ்கோப் 3 விருப்பப்பட்டால் சொல்லும் பகுதியில்தான் வந்தது. பங்குச்சந்தைக்கே வராத டவுன் கடைக்கு அந்த அறிக்கையே கிடையாது.

ஆனா கடைக்காரர் கையில ஒரு பெரிய விஷயம் இருக்கு: எந்த மாடலை முன்னாடி வைக்கிறார் என்பது. ஒன்றரை டன் ஏசியில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் வருஷத்துக்கு 200 யூனிட் அளவுக்கு வித்தியாசம் வரும். லேபிள் 1,600 மணி நேர ஓட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. பத்து வருஷத்தில் எங்க ஃப்ரிட்ஜ் ஆயுசு முழுக்க வெளியிடுகிற அளவு, ஒரே ஸ்டிக்கர் வித்தியாசத்தில்! கடையில நம்மகிட்ட கேட்கிறது என்னவோ "மாசம் எவ்வளவு கட்டுவீங்க" மட்டும்தான்.

அப்புறம் கேஸ். ஏசியில் வரும் ஆர்-32 ஒரு கிலோ கசிந்தால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். எங்க ஊர்ல ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். உப்புக்காத்து அவுட்டோர் யூனிட் காயிலைத் தின்னுடும். கேஸ் கசியும், மறுபடி நிரப்புவாங்க. இது எந்த ஸ்டார் லேபிள்லயும் வராது.

கஜாவுல போன எங்க பழைய ஃப்ரிட்ஜை காயலான் கடைக்காரர் வாசல்லயே வச்சு காப்பர் டியூபை வெட்டினார். "புஸ்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் பெரும்பாலும் ஆர்-134ஏ. கிலோவுக்கு 1,430 மடங்கு. நூறு கிராம் போனாலே 143 கிலோ, அதாவது ஒரு வருஷ கரண்டுக்கான கார்பன் ஒரு நிமிஷத்துல. இப்போ வருகிற சின்ன ஃப்ரிட்ஜ்களில் ஆர்-600ஏ அதிகம், அதில் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

2016 மின்கழிவு விதிகளில் விற்பனையாளருக்கும் பொறுப்பு இருந்தது. 2023 ஏப்ரல் 1-ல் அமலான புது விதிகளில் பதிவு செய்ய வேண்டியவர்கள் உற்பத்தியாளர், தயாரிப்பு நிறுவனம், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் ஆகியோர்தான். சில்லறைக் கடை அந்தப் பட்டியலில் இல்லை.

போன பொங்கல் லீவுல அப்பாவோட அதே கடைக்குப் போனேன். "இதுல என்ன கேஸ்ண்ணே?"ன்னு கேட்டேன். அண்ணன் பின்னாடி குனிஞ்சு ஸ்டிக்கரைப் பார்த்துச் சொன்னார். "பழசை என்ன செய்வீங்க?"

"எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்குவோம் தம்பி."

"அப்புறம்?"

"லாரி வரும், ஏத்தி விட்டுடுவோம்."

லாரி எங்க போகும்னு அவருக்கும் தெரியலை.